சுறாவின் சோதனை வேகம்

மணி 002:10
மீட்புக் கலம் சுறா. ஓட்டுபவன், கட்டியவன், இரண்டும் நானே: லாசர் மச்சாது. இன்ஜின் சீராக எரிகிறது. சரக்கு: பதினான்கு ஆக்ஸிஜன் சிலிண்டர். போகுமிடம்: காற்று இயந்திரம் செத்துப்போன விண்வெளி ஆய்வு நிலையம். ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தி என் தங்கை செசிலி, காற்றுப் பொறுப்பாளர். இருக்கும் காற்று மணி 168 வரை தாங்கும். நான் 144இல் போய்ச் சேருவேன்.

அவள் செய்தி: "அண்ணே, எல்லாரும் படுத்தே கெடக்கோம். பேச்சுகூட இல்ல. பாத்து வாங்க."

மணி 031:00
வேலை இல்லை. எழுதுகிறேன். பழைய பிரிட்டிஷ் டார்பிடோ படகு அழிப்புக் கப்பல்களைப் பார்த்துத்தான் சுறாவை வரைந்தோம். ஒல்லி உடம்பு, தகரம் போலத் தோல், மற்றதெல்லாம் இன்ஜின். அவை சோதனை ஓட்டத்தில் மணிக்கு 27 கடல் மைல் ஓடின. பீரங்கி ஏற்றாமல், நிலக்கரியைக் குறைத்து, பொறுக்கி எடுத்த ஆட்களைக் கொண்டு. கடற்படைக்குப் போய்ப் பாரம் ஏறியதும் அந்த வேகத்தை எட்டவே இல்லை.

மணி 070:40
வேகம் ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. இன்ஜினில் குறையில்லை. குறை என்னிடம். சுறாவின் சோதனை ஓட்டத்தையும் நாங்கள் தொட்டிகளைக் காலி செய்துதான் நடத்தினோம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சோதனைச் சான்றிதழில் கையெழுத்து என்னுடையது. புறப்படும்போது அந்த வேகத்தையே கணக்கில் போட்டிருக்கிறேன், மடையன். இப்படியே போனால் 177.

மணி 089:15
குடிநீரில் பாதி, சாப்பாடு, படுக்கை, கருவிப்பெட்டி, உள்கதவுகள் எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். எடை குறைந்ததில் வேகம் ஏறுகிறது. கை மரத்துவிட்டது. மனமும்தான். பயம் வரவேண்டும், வரவில்லை.

மணி 118:30
செசிலி: "சத்தியமாச் சொல்லுங்கண்ணே, எத்தன மணிக்கு வாரீய?"

கணக்கு 167 என்கிறது. மூன்று முறை போட்டேன். என் கணக்கில் எனக்கே நம்பிக்கையில்லை. இந்த முறையாவது கூட்டிச் சொல்வோம் என்று ஐந்து சேர்த்து 172 என்று அனுப்பினேன். முதல்முறையாக யோக்கியனாக நடந்ததாக ஒரு நினைப்பு. தூங்கப் போகிறேன்.

மணி 129:05
எழுந்தேன். செய்தி நான்கு மணி நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறது.

"அண்ணே, நாலு மணி நேரம் ஒதைக்குது. ஒம்பது பேருக்குத்தான் பத்தாது, எட்டுப் பேருன்னா தாராளம். காத்துக்குப் பொறுப்பு நான்தான, நானே போறேன். யாரையும் எழுப்பல, எழுப்புனா விட மாட்டாவ. நீங்க அழாதீய, ஒங்களுக்குப் பழக்கமில்ல."

'போகாதே, 167தான்' என்று அனுப்பினேன். பதினோரு முறை.

மணி 140:00
இன்ஜின் சீர்.

மணி 150:00
இன்ஜின் சீர். அழுகை வரவில்லை. அவள் சொன்னது சரி.

மணி 167:10
சேர்ந்தேன். உள்ளே எட்டுப் பேர், எல்லாருக்கும் உயிர் இருக்கிறது. வெளிக்கதவு ஓரமாக அவளுடைய செருப்பு. காற்றுமானியைப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு இன்னும் ஆறு மணி நேரம் வரும். ஒன்பது பேர் இருந்திருந்தாலும் ஐம்பது நிமிடம் மிஞ்சியிருக்கும்.

நிலையத் தலைவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "நாலு மணி நேரம் பிந்தும்னு செசிலிக்கு அனுப்பியிருந்தீங்களே சார்?"

முதல் சிலிண்டரை மாட்டினேன். அடுத்ததை எடுக்கப் போனேன். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.