உங்கள் இலையில் என்ன வைப்பது?

அப்பா,

மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிவந்த வாழை இலையின் பச்சை வாசனை வீடு முழுக்க நிற்கிறது. நாளை தீபாவளி, இன்று உங்களுக்குப் படையல். நீங்கள் போன பிறகு வரும் முதல் படையல். இலை தயாராக இருந்தது, நான்தான் இல்லை.

காலையிலேயே அத்தை வந்துவிட்டார். "உங்கப்பனுக்கு என்னம்மா பிடிக்கும்? அதத்தான வைக்கணும்" என்றார்.

"சார்டின் மீன் பெரட்டல்லா அத்தை" என்றான் தம்பி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது உனக்குப் பிடிக்கும்டா" என்றேன்.

"அப்ப முட்டைக் குழம்பு?"

"அது எனக்கு."

அவன் கைபேசியைக் கீழே வைத்தான். அம்மாவைக் கேட்கலாமென்றால் அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டார். அத்தைக்கும் தெரியவில்லை. "சின்ன வயசுல கெடச்சதத் தின்னான். பிடிச்சது பிடிக்காததுன்னு யாரு கேட்டா?" என்றார். உங்கள் கையால் தின்று வளர்ந்த இரண்டு தடிமாடுகள் நாங்கள், எங்களுக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது அப்பா.

துறைமுகத்து வேலை முடிந்து வந்து குளித்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவீர்கள். அங்கே உங்களுக்கு அலுப்பே தெரியாது. பெரிய சமையல் ஒன்றுமில்லை. நாலு முட்டை, ஒரு கை வெங்காயம், கொஞ்சம் புளி. பழைய பாட்டு ஒன்றைப் பாதி வரியோடு முணுமுணுப்பீர்கள். குழம்பு கொதிக்கும்போது "கைய நீட்டு" என்று கூப்பிட்டு என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவீர்கள்.

"உப்பு சரியா இருக்கா? சமைச்சவன் நாக்கு பொய் சொல்லும்லா. அடுத்தவன் நாக்குதான் நெசம்."

நான் தலையாட்டினால் போதும், லாட்டரி விழுந்ததுபோல் சிரிப்பீர்கள். நாங்கள் சாப்பிடும்போது கதவோரம் நின்று எங்கள் வாயையே பார்ப்பீர்கள். பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிடுவீர்கள். "எங்கப்பாவுக்குச் சட்டிச் சோறுன்னா உயிரு" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே பிடித்ததா, மிஞ்சியது அவ்வளவுதானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியில் வேறு வழி தெரியாமல் பெரட்டலும் முட்டைக் குழம்புமே வைத்தேன். கொதி வந்ததும் பழக்கதோஷத்தில் கரண்டியை உள்ளங்கைக்குக் கொண்டுபோனேன்.

"ஏய், ருசி பாக்காத! படையலுக்கு முன்னால எச்சில் படக்கூடாது" என்று அத்தை கத்தினார்.

உங்கள் அடுப்பிலிருந்து யாரும் ருசி பார்க்காமல் இறங்கிய முதல் குழம்பு அதுதான்.

இலை போட்டுப் பரிமாறினோம். நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். சாத்துமுன் நான் மட்டும் குனிந்து, "உப்பு சரியா இருக்காப்பா?" என்று கேட்டேன். நீங்கள் எங்களிடம் தினமும் கேட்டதை, நான் உங்களிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

கதவைத் திறந்தபின் அந்தச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. போட மறந்திருக்கிறேன். தம்பியைப் பார்த்தேன். அவன் சாப்பிட்டபடியே தலை நிமிராமல், "நல்லாருக்குக்கா" என்றான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு வாழ்நாளெல்லாம் உப்பிட்டவர் நீங்கள். உங்களுக்கென்று நான் முதன்முதலாகச் சமைத்து வைத்த சோற்றை, உப்பில்லாமல் சாப்பிட்டுப் போயிருக்கிறீர்கள்.