என் பெயரில் ஒரு கிளப்

செம்பூர், மும்பை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அனிஷாவுக்கு,

மஸ்கட்டில் நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபித்து எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயப்படாதே. அண்ணாச்சி கொடுத்த இந்த வீட்டில் இப்போது அவருடைய ஆள் ஒருவரும் தங்கியிருக்கிறார். எனக்குத் துணையாம்; போனில் பேசினால் எல்லாம் அவர் காதில் விழும். வடாலா சூசைமாணிக்கம் அண்ணன் நாளை அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"உங்க வீட்டுக்காரர் ஃபுட்பால் கிளப் ஓனரா?" என்று நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரோ செய்தியில் என் படத்தைப் பார்த்துக் கேட்டதாகச் சொன்னாய். நான் சிரித்து மழுப்பினேன். உண்மைதான் அனிஷா. அண்ணாச்சிக்கு டிரைவராக இருக்கும் நான்தான் காகிதத்தில் ஓனர்.

வானமாமலை அண்ணாச்சிக்கு ஏற்கெனவே ஒரு கிளப் இருப்பது உனக்குத் தெரியும். ஒரே லீகில் ஒருவர் இரண்டு கிளப் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதனால் இரண்டாவதை என் பெயரில் வாங்கினார். "வண்டி ஓட்டுத மாதிரிதாம்டே. நான் சொல்லுத பக்கம் திருப்பு" என்றார். வேலையும் வீடும் அவர் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் இரண்டு கிளப்பும் மோதின. தோற்றால் அவருடைய கிளப் லீகிலிருந்தே இறங்கிவிடும். காலையில் காரில் ஏறியதும், "மகேஷ் இன்னைக்கு வெளிய உக்காரட்டும்" என்றார். மகேஷ்குமார் எங்கள் கோல்கீப்பர், தாராவிக்காரன். நான் போய்க் கோச்சிடம் சொன்னேன். "யே ஆப்கா ஆர்டர் ஹை?" என்று கேட்டார். ஆமாம், என் உத்தரவுதான் என்றேன். நாங்கள் தோற்றோம். மகேஷ் ஆட்டத்தைப் பார்க்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணே" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

லீகில் விசாரணை வைத்தார்கள். "மகேஷை வெளிய உக்கார வச்சது ஒம் முடிவுன்னு சொல்லிரு" என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததையெல்லாம் அப்படியே சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு லேசானது. ஆனால் விசாரித்த மேடம் காகிதங்களை என் பக்கம் திருப்பினார். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. மாட்டிக்கொண்ட ஓனர்கள் எல்லாரும் இப்படித்தான் வேறு யாரையாவது கை காட்டுகிறார்கள் என்றார். அண்ணாச்சி சொன்னதெல்லாம் காருக்குள் பேசிய பேச்சு. எதைக் காட்டுவேன்?

கிளப் நடத்த எனக்கு ஆயுள் முழுக்கத் தடை. விட்டுவிடுகிறேன் என்றேன். லீக் என் மேல் போட்டிருக்கும் வழக்கு முடியும்வரை வேறு யார் பெயருக்கும் மாற்ற முடியாதாம். நடத்தவும் கூடாது, விடவும் முடியாது.

அண்ணாச்சி திட்டுவார் என்று நினைத்தேன். "சாப்ட்டியாடே?" என்று மட்டும் கேட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இன்றும் அவருக்கு நான்தான் வண்டி ஓட்டுகிறேன்.

நேற்று மாட்டுங்கா பக்கம் போகும்போது பின்சீட்டிலிருந்து கேட்டார்: "அனிஷா எப்பம் வருது? அது பேர்ல ஒரு நர்சிங் ஹோம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடாதே. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. பிள்ளை என்னைக் கேட்டால், அப்பாவுக்கு வேலை அதிகம் என்று சொல். கர்த்தர் தம் செட்டைகளின் மறைவில் உங்கள் இருவரையும் காப்பாராக. நானே போனில் அழைத்து, வா என்று சொன்னாலும் வராதே.

உன்
ஸ்டெர்லின்