உங்கள் குரலாக நான் இருந்த பதினோரு மாதம்

இன்று காலை பக்கத்து வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அதிமதுரம் காய்ச்சினார்கள். சுவரைத் தாண்டி அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கும் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தொண்டையில் வெறும் கரகரப்புதான். "கத்திக் கத்திப் பாடம் சொன்னா இப்பிடித்தான் ஆவும்" என்று உங்கள் அம்மா, என் அத்தை, அதிமதுரத்தைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஐந்து வகுப்பும் ஒரே ஓலைக் கூரைக்குள். ஐந்துக்கும் ஒரே வாத்தியார். மழை கொட்டும்போதும் உங்கள் குரல் ஏரிக்கரை வரை போகும். நடவு நடுகிற பெண்கள், "வாத்தியார் ஏழாம் வாய்ப்பாட்டுல கீறாரு, கஞ்சி வர நேரமாச்சி" என்பார்கள்.

அந்த வேலைக்கென்று நீங்கள் ஊருக்கு வந்தவர் அல்ல. வாத்தியார் பயிற்சி முடித்திருந்தும் பட்டணத்தில் ரயில்வே வேலை கிடைத்து, அதை நம்பித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தீர்கள். மாமா, உங்கள் அப்பா, இறந்த காரியத்துக்கு ஊருக்கு வந்தபோது, சேரியில் மிஷன் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் ஆண்டைகளின் மாடுகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். "ஒரு மாசம் பாத்துக்கினு போலாமே" என்றீர்கள். அந்த ஒரு மாதம் ஒன்பது வருஷமாக நீண்டது. நமக்குப் பிறந்த இரண்டும் தங்காதபோதும் நீங்கள் கடவுளைக் குறை சொல்லவில்லை. "நம்பள இங்க கொண்டாந்து வுட்டவருக்குத் தெரியும்" என்பீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வந்ததில்லை.

கரகரப்பு தேய்ந்து காற்றாக ஆனபிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்று என்றார் டாக்டர். குரல்வளையை எடுத்தால் கொஞ்ச காலம் இருக்கலாம், எடுக்காவிட்டால் அதுவும் இல்லை என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தீர்கள். ஆபரேஷனுக்கு முந்தின மாலை, கட்டில் ஓரத்தில் என்னை உட்காரச் சொன்னீர்கள். இருந்த கொஞ்சக் குரலில், "நாளைலேர்ந்து பேச மாட்டேன். இன்னா கேக்கணுமோ இப்பவே கேளுமே" என்றீர்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்து, "இல்லமே" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அதுதான். எத்தனையோ கேட்டிருக்கலாம் என்று இந்த எட்டு வருஷமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. அந்தக் கோலத்தில் வகுப்புக்குள் நுழைந்தபோது சின்னப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மறுநாள் என்னைக் கையோடு கூட்டிப்போனீர்கள். நான் காஞ்சிபுரத்தில் விடுதியில் இருந்து எட்டாவது வரை படித்தவள். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. நீங்கள் பலகையில் எழுதுவீர்கள், நான் சத்தமாகச் சொல்லுவேன். தப்பாகச் சொன்னால் மேசையில் இரண்டு தட்டு. என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவீர்கள். பேசும்போது "போய்ப் படுமே" என்கிற மனுஷன், எழுதும்போது "நீ சென்று உறங்கு" என்று எழுதினீர்கள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வாத்தியார் சிலேட்டில் என்னதான் எழுதுகிறார் என்று பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் இரண்டாம் வகுப்பு எஸ்தர், அதுவரை ஒரு சொல்லைச் சேர்த்துப் படிக்காதவள், எழுந்து நின்று கத்தினாள்: "அம்மா! நீ சொன்னது தப்புன்னு வாத்தியார் எழுதிக்கீறாரு!" வகுப்பே சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொருவராகப் படிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் பேச்சைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஒருநாள் சாயங்காலம் எனக்கு எழுதிக் காட்டினீர்கள்: "கர்த்தர் என் வாயை மூடினார். இவர்கள் கண்ணைத் திறந்தார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கு வேற வழியே கெடைக்கிலியா அவருக்கு?" என்று கேட்டேன். நீங்கள் எழுதினதைத் துடைத்தீர்கள்.

இப்படிப் பதினோரு மாதம் ஓடியது. பிறகு பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்டவர் இல்லை, முழுப் பாடத்தையும் நின்றபடியே கேட்டார். பின்பு என்னை வெளியே அழைத்து, "பேச முடியாதவர் ஒருத்தர், பயிற்சி இல்லாதவர் ஒருத்தர். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு வாத்தியார்னு நான் எழுத முடியாதும்மா" என்றார். போதகர் ஐயாதான் வழி சொன்னார். நான் காஞ்சிபுரம் போய் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தால் அந்த வேலை எனக்கு. அதுவரை திருமுக்கூடலிலிருந்து ஒரு வாத்தியார் வந்து பார்த்துக்கொள்வார். நான் போகாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்.

"இவர இப்பிடி வுட்டுட்டு நான் எங்கியும் போவமாட்டேன்" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். உங்களுக்கு இரண்டு வருஷம் இருக்காது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒரே சொல் எழுதினீர்கள்: "போ." நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் எழுதினீர்கள்: "நான் உன்னை அனுப்பவில்லை. அழைத்தவர் வேறு. எனக்காக அவரிடம் மறுக்காதே." எனக்கு எந்த அழைப்பும் கேட்கவில்லை. உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் பஸ் ஏறினேன்.

மாதம் ஒருமுறை உத்திரமேரூர் வந்து, வேறு பஸ் பிடித்து, சாலவாக்கத்தில் இறங்கி நடந்து வருவேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் இன்னும் கொஞ்சம் சின்னதாக இருப்பீர்கள். இரண்டாம் வருஷக் கடைசியில், பரீட்சை நெருங்குகிறது, வர வேண்டாம் என்று கார்டு எழுதினீர்கள். எழுத்து நடுங்கியிருந்தது. அதைப் பார்த்தும் நான் வரவில்லை. பாடம் அதிகம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆள் வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்ல வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று ஏரிக்கரைக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் வந்து பார்த்தது ஈரம் காயாத மண்மேடு ஒன்றைத்தான்.

அத்தையைப் பிடித்து உலுக்கினேன். "பத்து நாளா இழுத்துக்கினு கெடந்தாரே, ஒரு ஆள அனுப்பக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்னான்மா" என்றார். "எனக்கு இன்னா எழுத்தா தெரியும்? பசங்களக் கூப்ட்டுப் படிக்கச் சொன்னேன். 'அவ பரீச்ச எழுதட்டும்'னு படிச்சாங்க. தெனம் வந்து படிச்சாங்க. தண்ணி வேணும், தலகாணி வேணும், எல்லாம் அதுங்கதான் படிச்சி சொன்னதுங்க."

கடைசியாக என்ன எழுதினீர்கள் என்று எஸ்தரைக் கேட்டேன். "எழுத்தா இல்லம்மா, வெறுங்கோடுதான் இருந்துச்சி" என்றாள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வந்தது. நான் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அத்தை பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பியிருப்பார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் நாள் போய்ப் பரீட்சை எழுதினேன், தேறினேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தைத் திறந்து அதே பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்தும் பெயர் கூப்பிட வாய் வரவில்லை. பிறகு எஸ்தர் தன் பெயரைத் தானே கூப்பிட்டு, "உள்ளேன் அம்மா" என்றாள். பின்னாலேயே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கோபம் அன்றைக்கே போனது என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் முழுக்க ஆயிற்று.

இப்போது கூரை போய் ஓடு போட்டிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாடு உண்டு, அதனால் பிள்ளைகள் தங்குகிறார்கள். அத்தையும் போய்விட்டார். எஸ்தர் கல்யாணமாகிப் போய் அங்கேயும் நாற்றுதான் நடுகிறாள்; ஆனால் தன் கையாலேயே எனக்குக் கார்டு எழுதுகிறாள். இது போதுமா என்று தெரியவில்லை. உங்களைக் கொடுத்து வாங்கியதற்கு இது ஈடா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

சபையில் எல்லாவற்றிற்காகவும் நன்றி சொல்வோம் என்று போதகர் ஐயா சொல்லும்போது என் வாய் இன்னும் திறப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஏரிக்கரைமேல் நடக்கும்போது கர்த்தரிடம் பேசுகிறேன். இன்றைக்கு மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல், மாரிக்குக் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்கிறேன். உங்களிடம் பேசியதுபோல் அவரிடமும் கோபமாகத்தான் பேசுகிறேன். அவர் ஒன்றும் சொல்வதில்லை. நானும் பதிலுக்கு நிற்பதில்லை. பிள்ளைகள் வந்திருப்பார்கள், மணி அடிக்க வேண்டும்.