எண் சொல்லாத பெயர்ச்சொல்

என் குஞ்சு தர்சனா,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உன் அறைக் கதவை நான் சாத்துவதில்லை. ஆனால் உள்ளே எதையும் தொடத் துணிவில்லாமல் இருந்தேன். உன் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் உன் மேசை லாச்சியைத் திறந்தேன்.

மொன் மொழியின் பெயர்ச்சொற்களைப் பற்றி நீ எழுதிய அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிட்டதாம். மீதியை ஒழுங்குபடுத்தி உன் பெயரிலேயே வெளியிடுவதாகச் சொன்னார். நீ பதிவுசெய்த குரல்களை யாரும் கேட்கக்கூடிய ஒரு காப்பகத்தில் வைப்பாராம். பர்மாவில் இப்படியொரு மொழி இருப்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் படித்து என்ன வேலை எடுக்கப்போகிறாய் என்று நான் கேட்டதும், நீ பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்துபோனதும் உனக்கு நினைவிருக்கிறதா?

உன் கொப்பி முழுக்கப் பிரெஞ்சு. ஆனால் ஓரங்களில் தமிழ் இருந்தது. சின்ன வயதில் நீ எழுதிய அதே உருண்டை எழுத்து. "வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில். அம்மாவின் வீடு மாறிக்கொண்டே இருக்கும். மொன் வீடு மாறாது." அதற்குக் கீழே, "அம்மா 'என் வீடு' என்பா. மொன்னில் 'வீடு நான்'. அங்கே வீடுதான் முதலில் வரும்."

என்னோடு தமிழில் வாய் திறக்காத பிள்ளை, என் தமிழை வைத்தா இன்னொரு மொழியைப் படித்தாய்? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பிறகு லாச்சியில் இருந்த உன் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினேன். கார்ஜ் நிலையத்திலிருந்து வேலைக்கு ரயில் ஏறியதும் காதில் மாட்டிக்கொள்வேன். நீ கேட்கிறாய், ஒரு பெண் பதில் சொல்கிறார். பின்னால் கோப்பைகளின் சத்தம், தமிழ்ப் பேச்சு. ரூ பெர்தொனே தெருவில் நான் சட்டை தைக்கும் சேலைக் கடையிலிருந்து மூன்றாவது கதவு, அந்தத் தேத்தண்ணிக் கடை. சனிக்கிழமைகளில் நீ அங்கே இருந்திருக்கிறாய். இப்போது தையல் மெஷினை நிறுத்தும்போதெல்லாம் உன் மூச்சு கேட்கிறது. கேள்வி கேட்குமுன் நீ ஒரு மூச்சு எடுப்பாயே, அது.

உனக்குச் சொல்ல வெட்கமான ஒன்றும் நடந்தது. ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய பெண் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். உன் தம்பியை மட்டும் எண்ணி, "ஒன்று" என்றேன். வீடு வரும்வரை ரயிலில் உன் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்தக் குரல் எங்கள் கடைக்குள் வந்தது. நாற்பது வயதுப் பெண். கைப்பேசியில் உன் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளையைத் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டார். மாதக்கணக்காக நீ வரவில்லை, அழைத்தாலும் எடுக்கவில்லை என்று கடை கடையாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நீ பதிவுசெய்த மி சான் அவர்தான். அது என்ரை பிள்ளை என்று சொன்னேன். மற்றதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கைப்பேசியை, உன் படம் மேலே தெரிய, அவர் துணி வெட்டும் மேசையில் வைத்தார்.

அடுத்த கிழமை திரும்பி வந்து, தன் பயத்தைச் சொன்னார். எண்களைப் பற்றிக் கேட்ட நாளில் உன்னிடம் "பிள்ளை மூன்று" என்று சொல்லிவிட்டாராம். அவருடைய அகதிப் பத்திரங்களில் இரண்டுதான். மூத்தவன் எல்லை கடக்கும் வழியில் காய்ச்சலில் இறந்துபோனான். அதிகாரி கேட்டபோது அவனைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது கூசேன்வில்லில் மற்ற இருவரோடு இருக்கிறார். பதிவு வெளியே போனால், பொய் சொன்னாய் என்று பத்திரத்தைப் பறித்துவிடுவார்களோ என்று கேட்டார்.

அப்படியென்றால் அழித்துவிடுகிறோம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதே. இந்த நாட்டில் அவனையும் சேர்த்து நான் எண்ணியது அந்த ஒரு நாள்தான்."

படிவம் நிரப்பிய பெண்ணிடம் நான் "ஒன்று" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். வேறு எவரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் உன் தம்பி ரூபன் தயங்கினான். அக்கா பதிந்ததைக் காப்பகத்துக்குக் கொடுக்காமல் நாங்கள் எடுக்கலாமா என்று கேட்டான்.

"உன்ரை அக்கா என்ன நினைச்சவள் எண்டு கொப்பியைப் பார்," என்றேன்.

அந்தப் பக்கத்தை அவன்தான் கண்டுபிடித்தான். மூன்று என்ற எடுத்துக்காட்டை நீயே வெட்டியிருந்தாய். மேலே "கொன் ஓவா" என்று மட்டும் விட்டிருந்தாய். மொன்னில் அது என் பிள்ளை, அல்லது என் பிள்ளைகள். ஓரத்தில் தமிழில், "பெயர்ச்சொல் தானாக எண்ணைச் சொல்லாது. அவவின் மூன்றை எழுதக்கூடாது."

அந்தப் பதிவை நாங்களும் ஒருமுறை கேட்டோம். அவர் மூன்று என்கிறார், மூத்தவன் இறந்ததைப் பிரெஞ்சில் சொல்கிறார். நீ ஒரு மூச்சு எடுக்கிறாய். பிறகு மெதுவாக, "ஐயோ, அக்கா" என்கிறாய். எல்லாப் பதிவுகளிலும் நீ தமிழ் பேசிய இடம் அது ஒன்றுதான், குஞ்சு.

ரூபன் ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்றான். எனக்கும் ஆசைதான். இரவு பகலாக அதையே கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

"வேண்டாம். அது அவவின்ரை," என்றேன்.

ஒரு பதிவை மட்டும் தரமாட்டோம் என்று பேராசிரியரிடம் நேரே சொன்னோம். "கொன் ஓவா" போதும் என்றார், ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பதிவு இருந்த சின்ன மெமரி கார்டை, உன் குரலை, மி சானின் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் இடைவேளை எடுத்துக்கொண்டு அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போகிறேன். நானும் அவரும் எதிரெதிரே இருப்போம். பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். சில நேரம் இருவரும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்புகிறோம், யாரோ மூச்செடுத்த மாதிரி.

கடையில் சனம் நிறைந்து, "இந்தக் கதிரையை எடுக்கலாமோ அக்கா?" என்று யாராவது கேட்பார்கள். ஆள் இருக்கு என்று சொல்வேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன், பிள்ளை. இது என் வாக்கு.

உன்னையும் தம்பியையும் பெற்ற,
அம்மா