நம்ம கிராவல் குழியை மூடின சேதி

புளியஞ்சோலை
12.8.2001

அன்புள்ள மகள் ராதிகாவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் மாடு கன்றும் சௌக்கியம், மலையிலிருந்து இறங்குகிற காற்றில் உங்கம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சளி, சத்தத்துக்குக் குறைவில்லை. அங்கே ராய்ப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மழையில் நனையாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளைக்குப் பல்வலி என்று எழுதியிருந்தாய், கிராம்பை வைத்துக்கொண்டு நாளைத் தள்ளாமல் டாக்டரிடம் காட்டச் சொல் கண்ணு. நான் அப்படித் தள்ளித்தான் இன்றைக்கு முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்கிறேன்.

குழி என்னாச்சு என்று போனில் கேட்டாய், பூத்தில் பின்னாலே ஆள் நின்றதால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ரோட்டு வேலைக்குக் கிராவல் எடுக்க மேட்டு நிலத்தைக் கொடுத்திருந்தோம் அல்லவா, அந்த அனுமதி தையோடு முடிந்துவிட்டது. முடிந்தால் குழியை மூடி, கரையைச் சரிவாக்கி, சுற்றிலும் மரக்கன்று நட்டுக் காட்ட வேண்டும். கனிமத் துறை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி ஏர் இறக்கலாம், ஆடிக்குள் போடாவிட்டால் இன்னொரு வருஷம் தரிசுதான். அது உன் அப்புச்சி தன் மகளுக்கென்று உங்கம்மாவுக்குக் கொடுத்த நிலம். இரண்டு பேரும் பேசித்தான் குழிக்கு விட்டோம், ஆனாலும் முதல் லாரி மண் ஏற்றின அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த ஆடிக்குக் கடலை போட்டே ஆகணும் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

மூடுகிற வேலை நன்றாகத்தான் நடந்தது. கழிவுக் கல்லையெல்லாம் அடியில் தள்ளி மேலே மேல்மண்ணைப் பரப்பினோம். அந்த மேல்மண் மிஞ்சினதே உங்கம்மாவால்தான். முதலிலேயே அதைத் தனியாக வாரி மாட்டுக்கொட்டகை ஓரம் குவித்திருந்தோம், லாரிக்கார அர்த்தனாரி வரும்போதெல்லாம் அதன்மேல் ஒரு கண் வைப்பார். இவள் பேசாமல் குவியல் முழுக்கப் பூசணிக் கொடி ஏற்றிவிட்டாள். காய்க்கிற கொடியில் எவன் மண்வெட்டி வைப்பான், அவரும் கேட்பதை விட்டுவிட்டார். கரையைச் சுற்றி வேம்பும் வாகையும் நட்டோம், துளிர்த்தும் வந்தது. அங்கேயே நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் சுபம்.

நிலம் வெறும் வயிற்றோடு கிடக்கிறதே, ஒரு பட்டி அடைத்தால் உரமாகுமே என்று ஆட்டுக்காரக் கருப்பண்ணனைக் கூப்பிட்டு ராத்திரிக்கு ஆட்டை அங்கே அடைக்கச் சொன்னேன். செம்மறி தலையைக் குனிந்து புல்லைத்தான் மேயும், செடி பக்கம் போகாது என்பது என் கணக்கு. அவன் மந்தையில் வெள்ளாடு கொஞ்சம் கலந்திருப்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள், எனக்கும் தெரியும், அன்றைக்கு மட்டும் மறந்துபோனது. விடிந்து போய்ப் பார்த்தால் எரு ஜோராகக் கிடந்தது, செடிக்குப் பதில் குச்சி நின்றது. அந்த வாரமே அதிகாரி வந்துவிட்டார். பிலிப் என்று பேர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், தணிந்த குரலில் பேசுகிற மனுஷர். நான் வெயில், பூச்சி, காற்று என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உங்கம்மா எப்போது வந்து பின்னாலே நின்றாளோ தெரியவில்லை.

"ஏனுங்க சார், செடி நட்டது நெசந்தானுங்க, அதை ஆட்டுக்குப் போட்டதும் நெசந்தானுங்க. ரெண்டையும் செஞ்சது இவருதானுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்ததை மீசையிலேயே அடக்கிக்கொண்டார். நாலு இடத்தில் தோண்டச் சொல்லி மேல்மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார், கரைச் சரிவில் ஏறி இறங்கினார், எல்லாம் சரி என்றார்.

"ஆடு தின்னுச்சுன்னு நான் எழுத முடியாதும்மா. செடி இல்லைன்னுதான் எழுதணும். கரையில வேர் புடிக்கலேன்னா ஒரு பெருமழைக்கு உங்க மண்ணுதான் கரையும். நட்டு வைங்க, ஆடி பொறக்கறப்ப வந்து பார்க்கறேன்."

நியாயந்தான் கண்ணு, அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுநாளே வேறு கன்று வாங்கி நட்டோம். ஒவ்வொன்றுக்கும் இலந்தை முள் கூடு கட்டினேன், முள் செடிக்குக் காவல் இருந்ததைவிட என் முதுகில் குத்தினதுதான் அதிகம். மலையடி ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தேன், உங்கம்மா கரைமேல் நின்று இந்தச் செடிக்கு ஊத்துங்க அந்தச் செடிக்கு ஊத்துங்க என்று அதிகாரம் பண்ணினாள். சொன்னபடி அவர் ஆடியில் வந்தார், சுற்றி வந்தார், ஒரு கன்றை மெல்ல அசைத்துப் பார்த்தார், ஜீப் மூக்கின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். உங்கம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாள்.

அடுத்த மழை ஈரத்தில் விதைத்தோம். நான் ஏர் பிடித்தேன், அவள் பின்னாலேயே கடலை போட்டுக்கொண்டு வந்தாள். ஏர் கொஞ்சம் கோணினாலும் கருப்பண்ணனைக் கூப்பிடட்டுங்களா என்று கேட்டாள், கேட்டுக்கொண்டேன். நேற்று விடிகாலையில் ஆளைக் காணோமே என்று தேடிப் போனேன். நிலத்து நடுவில் குனிந்து, முளை தள்ளி வெடித்திருந்த மண்ணை விரலால் விலக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏர் ஓட்டின சால் ஒன்றுகூடத் தவறாமல் முளைத்திருக்கிறது சாமி. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த முளைக்கு நகர்ந்தாள். நானும் பக்கத்துச் சாலில் குனிந்துகொண்டேன்.

கடலை பிடுங்கக் கார்த்திகை ஆகும், அப்போது லீவு கிடைத்தால் மூன்று பேரும் வாருங்கள். உங்கம்மாவுக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு, எனக்கு வருவதை நான் படித்துக் காட்டினால் பாதியை நானே சேர்த்துக்கொள்கிறேன் என்று சந்தேகப்படுகிறாள். குழந்தைக்கு இருமல் நிற்கிறவரை குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. நீங்கள் நிறைந்த ஆயுசும் நல்ல மனசுமாக நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாச்சிமுத்து

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா பொன்னாத்தாளின் ஆசீர்வாதமும்.