கேட்காமல் போனவள்

மே 8, 2025
அந்த்சிராபே அருகில், மடகாஸ்கர்

பூர்ணிமா அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

இந்த ஊரில் போன் எடுக்காது. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஜீப் டவுனுக்குப் போகும். நான் எழுதும் காகிதத்தை அங்கே படம் பிடித்துப் பூர்ணிமாவின் போனுக்கு அனுப்புவார்கள். அவள் காட்டினால் படியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி காலையில், “போறதுன்னா போ. திரும்பி வந்து இந்த வூட்ல நிக்கலாம்னு மட்டும் நெனைக்காத” என்று சொல்லிவிட்டுச் சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். பன்னிரண்டு நாள் ஆகிறது. கோபத்தில் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா என்று தினமும் யோசிக்கிறேன். உங்கள் வாயால் தெரியும் வரை நான் வீடு இல்லாதவள்தான்.

அழுவதற்காக எழுதவில்லை. இந்த ஊரைப் பற்றிச் சொல்ல உங்களை விட்டால் யாரும் இல்லை. முத்தியால்பேட்டையில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருக்கும். இங்கே காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. மலை முழுக்கச் செம்மண். அதைப் படிப்படியாக வெட்டி, கடைசிப் படி வரை நெல் போட்டிருக்கிறார்கள். மலை மேலே நெல்! முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஜீப்பில் ஏற மறந்துவிட்டேன். மூன்று வேளையும் சோறுதான். பானையின் அடியில் பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, சாப்பிடும்போது அதைத்தான் குடிக்கிறார்கள். அடிப்பிடித்த சோற்றுக்காக என்னை எத்தனை நாள் முறைத்திருப்பீர்கள்? இங்கே வந்தால் டம்ளரை நீட்டுவீர்கள்.

வேலை புதிதில்லை. குருசுக்குப்பம் அங்கன்வாடியில் பதினாறு வருஷமாகச் செய்வதுதான், குழந்தைகளை எடை போடுவதும் தாய்மாரிடம் பேசுவதும். நான் படிக்கும் சமூகப்பணிப் படிப்பில் இதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப். நாற்பத்து மூன்று வயதில் நான் இன்டர்ன். இங்கே ஆபீஸ் வேலையெல்லாம் பிரெஞ்சில்தான். நம் ஊர்ப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பூர்ணிமாவின் பிளஸ் டூ ரிசல்ட் என்றைக்கு வருகிறது?

அமிர்தவல்லி


மே 22, 2025

பூர்ணிமா அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பூர்ணிமா மட்டும், “அப்பா படிச்சாரு, ஒண்ணும் சொல்லல” என்று அனுப்பியிருந்தாள். படித்தீர்களே, அதுவே போதும்.

நான் இங்கே ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் முதல் கூட்டம். பதினான்கு தாய்மார்கள், இடுப்பில் குழந்தையோடு, எனக்காகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் நோரோ என்ற பெண் இந்த ஊர்க்காரி. நான் பிரெஞ்சில் பேசினால் அவள் அவர்கள் மொழியில் சொல்லுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குருசுக்குப்பத்தில் செய்வது போலவே ரெஜிஸ்டரைத் திறந்தேன். பெயர் என்ன, எத்தனை பிள்ளை, எத்தனை தவறியது என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். நம் ஊரில் என்றால், “சீக்கிரம் முடி டீச்சர், மீனு காயுது” என்பார்கள். இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சை மாற்றலாம் என்று, எதிர்மேட்டில் கல்லால் கட்டிய அழகான ஒரு கட்டடத்தை விரலால் சுட்டி, அது யார் வீடு என்று கேட்டேன்.

அது கல்லறை. இவர்கள் இருப்பது மண் வீடு, இறந்தவர்களுக்குத்தான் கல் வீடு. அதைப் போய் நேராக விரல் நீட்டிக் காட்டக்கூடாதாம். காட்ட வேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு காட்ட வேண்டுமாம். ஒரு பெண் எழுந்தாள், பிறகு இன்னொருத்தி. சண்டையில்லை, முகச்சுளிப்பில்லை. பாயைக்கூடச் சுருட்டாமல் போய்விட்டார்கள்.

இந்த வாரம் எடை போடும் நாளில் ஒரு குழந்தையும் வரவில்லை. தராசை மாட்டிவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷ அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. நோரோ, பொறுத்திருங்கள் என்கிறாள். வேறு என்ன செய்வது?

அமிர்தவல்லி


மே 30, 2025
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அமிர்தவல்லிக்கு,

பூர்ணிமா மூன்று நாளாகத் தட்டில் சோறு போடும்போதெல்லாம், “அம்மாவுக்கு எழுதினியா?” என்று கேட்கிறாள். அதனால் எழுதுகிறேன். நானாக எழுதவில்லை.

அவள் எண்பத்தொரு சதவீதம் வாங்கியிருக்கிறாள். காலேஜ் சீட்டுக்குச் சென்டாக்கில் விண்ணப்பம் போட வேண்டும். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எனக்குத் தெரியாது, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் தெரியாது. சமையல் நான்தான். நேற்று நான் வைத்த சாம்பாரை ரசம் என்று நினைத்து ஊற்றிக்கொண்டு, “சாம்பார் எங்கப்பா?” என்று கேட்டாள்.

ஏழைகளுக்கு உதவி செய்யக் கடல் தாண்டிப் போக வேண்டுமா? குருசுக்குப்பத்தில் ஏழைகள் தீர்ந்துவிட்டார்களா? இதைக் கேட்டால் எனக்கு உலகம் தெரியாது என்பாய்.

உன் ரெஜிஸ்டர் கதையைப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. அந்தப் பெண்கள் எழுந்து போனதில் உனக்கு என்ன ஆச்சரியம்? ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நான் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “இருபத்தாறாம் தேதி பிளைட்டு” என்றாய். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகலாம் என்று இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இருபது வருஷம் ஒன்றாக இருந்தவன் நான். எனக்குத் தேதியை மட்டும் சொன்னாய்.

அந்தப் பெண்களாவது எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கே எழுந்து போவது?

இப்படிக்கு,
தணிகாசலம்

குளிருக்குக் கம்பளி இருக்கிறதா? பூர்ணிமா கேட்கச் சொன்னாள்.


ஜூன் 12, 2025

பூர்ணிமா அப்பாவுக்கு,

கம்பளி இருக்கிறது. பூர்ணிமாவிடம் சொல்லுங்கள். சான்றிதழ்கள் எல்லாம் பீரோவின் மேல்தட்டில், பச்சைக் கவரில்.

உங்கள் கடிதத்தை ஒரு வாரமாக வைத்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் சண்டைக்குத்தான் வாய் வந்தது. திங்கட்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது.

அன்று அந்தத் தாய்மார்களே கூட்டம் கூட்டினார்கள். நான் கடைசியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். லலாவோ என்று ஒருத்தி, முப்பது வயது இருக்கும், கிழிந்த சால்வை, மடியில் நோஞ்சான் பையன். அவள் எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். அவள் பேச்சை நோரோ என் காதில் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் இங்கே மூத்தவள் இல்லை, பேசத் தகுந்தவளும் இல்லை, எனக்கு முன்னால் பேச வேண்டியவர்கள் இருக்கும்போது நான் எழுந்தேன், மன்னியுங்கள். என்னைவிடச் சின்னவர்களே, உங்கள் முறையை நான் எடுத்துக்கொண்டேன், மன்னியுங்கள். இன்று வர முடியாமல் வயலில் நிற்பவர்களே, நீங்கள் இல்லாதபோது பேசுகிறேன், மன்னியுங்கள். மேட்டில் இருக்கும் எங்கள் பெரியவர்களே, உங்கள் காதில் விழுமாறு பேசுகிறேன், மன்னியுங்கள். இப்படியே போகிறது, கால் மணி நேரம்! ஒரு பிள்ளை அழவில்லை. ஒவ்வொரு மன்னிப்புக்கும் எல்லோரும் சேர்ந்து ஏதோ முனகி ஒப்புக்கொள்கிறார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, கடல் தாண்டி வந்தவளைத் தனியே உட்கார வைத்தோம், அதற்கும் மன்னிக்க வேண்டும் என்றாள்.

தப்புச் செய்தது நான். மன்னிப்புக் கேட்டது அவள். படிக்காதவள், காலில் செருப்புகூட இல்லை. எந்த ஆபீசிலும், எந்த மேடையிலும் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இவர்கள் எந்தப் பெரிய விஷயத்தையும் இப்படித்தான் ஆரம்பிப்பார்களாம். இவ்வளவு சொன்ன பிறகு லலாவோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் பையனை எடை போடுவீர்களா?

நான் எழுந்து, எனக்குத் தெரிந்த வரை அவர்கள் மாதிரியே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தப்பும் தவறுமாக. சிரித்தார்கள். அன்று பதினோரு குழந்தைகளை எடை போட்டோம்.

இப்போது உங்களுக்கு. நான் சிறுகச் சிறுகப் படித்ததைப் பெருமையாகத் தெருவில் சொன்னவர் நீங்கள். உங்களுக்குத் தேதியை மட்டும் சொன்னேன், மன்னியுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளையிடம், அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன், அவளும் மன்னிக்கட்டும். நவம்பரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டு ஐந்து மாதம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், அதற்கும் மன்னியுங்கள்.

ஏன் கேட்கவில்லை என்றால், நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள். சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

இந்த முறை கேட்கிறேன். ஜூலை பத்தாம் தேதி இன்டர்ன்ஷிப் முடிகிறது. டிசம்பர் வரை இருந்து, இந்த ஊர்ப் பெண்களுக்கே எடை போடவும் குறிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று நிறுவனத்தில் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. அங்கன்வாடி ஆபீசில்கூட இன்னும் கூடுதல் விடுப்புக் கேட்கவில்லை. பூர்ணிமா காலேஜ் சேரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன் என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

நான் இருக்கட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் ஜூலையில் கிளம்பிவிடுவேன். கிளம்பினால் எந்த வீட்டுக்கு வருவது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமிர்தவல்லி


ஜூன் 20, 2025
முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள அமிர்தத்துக்கு,

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் ஆயம்மாவிடம் சங்கரா வாங்கினேன். “டீச்சர் எங்க தம்பி, ரெண்டு மாசமா காணல?” என்று கேட்டது. நான் வழக்கமாகச் சொல்லும் பொய்யைச் சொல்ல வாயெடுத்தேன்.

அந்தப் பொய் உனக்குத் தெரியாது. கம்பெனியில் எல்லோரிடமும், நீ விழுப்புரத்தில் உன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாய், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். பாவம், நன்றாக இருக்கும் உன் அக்காவுக்கு இரண்டு மாதமாக மஞ்சள் காமாலை. பெண்டாட்டி என்னைக் கேட்காமல் போய்விட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆயம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு எடை போடுகிறாள் என்றேன். அது மீனை அறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. “எம்மாம் தூரம்! எங்க புள்ளைங்கள தூக்குன கையாச்சே” என்று சொல்லி, இரண்டு மீன் சேர்த்துப் போட்டது. கம்பெனியில் டீ நேரத்தில் புருஷோத்தமனிடமும் சொன்னேன். உன் கடிதத்தில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்ட பகுதியைப் படித்துக் காட்டினேன். கூட நான்கு பேர் வந்து நின்றார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். ஒரு பெண் எதிரில் நின்று ஆளுக்கு ஆள் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே இருந்தது. டீ ஆறிப்போனது. சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

வீட்டுக்கு வராதே என்று நான் சொன்னதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். வாயில் வந்தது, மனசில் இல்லை. நீ வந்து நிற்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நாலு காகிதம் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. நீ கேட்டதால் உண்மையைச் சொல்கிறேன். வேண்டாம். எனக்கு முடியவில்லை, அமிர்தம். சாம்பார் கதை இல்லை இது. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வராது. அது போதும், என்னை உட்கார வைத்துவிடும். பூர்ணிமாவைக் காலேஜில் சேர்க்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. அதனால் வேண்டாம்.

ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னேன் என்பதற்காக மட்டும் நீ கிளம்பி வந்துவிடக் கூடாது. வந்தால், இன்னும் இருபது வருஷத்துக்கு நீ என்னிடம் எதையும் கேட்க மாட்டாய். இரண்டையும் ஒரே காகிதத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன். நீயே பார்த்துக்கொள். கம்பளி பற்றிக் கேட்டது நான்தான்.

உன்,
தணிகாசலம்


ஜூன் 27, 2025

அன்புள்ள பூர்ணிமா அப்பாவுக்கு,

ஜீப் டிரைவர் காகிதத்துக்காகக் காத்திருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

லலாவோவின் பையன் இருநூறு கிராம் கூடியிருக்கிறான். அவளே எடை பார்த்து, அவளே குறித்தாள்.

நான் இருக்கிறேன். நிறுவனத்தில் இன்று சொல்லிவிட்டேன். விடுப்புக் கடிதத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன், ஆபீசில் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி சென்னையில் இறங்குவேன். பூர்ணிமாவைக் காலேஜில் சேர்க்கும் அன்று நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அவளுக்குப் பிடிக்கும்.

நீங்கள் எழுதிய “வேண்டாம்” என்ற சொல்லை எத்தனை தடவை படித்தேனோ தெரியவில்லை. இருபது வருஷமாக அது வந்துவிடுமோ என்று பயந்து எத்தனையோ விஷயங்களைக் கேட்காமலே விட்டேன். இப்போது வந்துவிட்டது, என் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் நீங்கள் என் புருஷன்தான், நான் இங்கேதான் இருக்கிறேன். எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உங்கள்,
அமிர்தம்