திறக்காமல் கிடந்த விடுப்பு மின்னஞ்சல்

கோபன்ஹேகன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மேலாளர் பிர்கிட்டே இன்று காலை இதை உறுதியாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? உங்கள் முழங்கால் வலி?

நடந்தது சின்ன விஷயம்தான். மின்னஞ்சல்கள் குவிந்ததால், எல்லோருக்கும் பொதுவாக வருபவை தானாகவே தனிக் கோப்புறைக்குப் போகும்படி செய்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும்தான் அதைத் திறப்பேன். விடுப்புத் தேதி கேட்ட மின்னஞ்சலும் அதற்குள் போய்விட்டது. வியாழனோடு கெடு முடிந்திருந்தது.

"தினமும் மெயில் பெட்டியக் காலி பண்ணிட்டுத்தான் கிளம்புவேன்னு அலட்டினியேடா, ஜோக்வன்! இப்ப பண்டிகைக்கு ஆபீஸே காலி, நீ மட்டும் காவல்!" என்று பக்கத்து மேசை டோர்பென் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸைப் பற்றி அப்பாவின் மருத்துவர் எதுவும் சொல்ல மறுத்ததை அவனிடம் சொன்னேன்.

"முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? உனக்குப் பதிலா நான் உக்கார்றேன். வீட்ல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றான்.

காய்ந்த ஆட்டிறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை அப்பாவையே எழுதச் சொல்லுங்கள், அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

டோர்பென் புதன்கிழமை பதில் சொல்வான். அதுவரை அப்பாவிடம் நான் வருகிறேன் என்று சொல்ல வேண்டாம். வரவில்லை என்றும் சொல்ல வேண்டாம்.

ஜோக்வன்